மூளையில் செரோடோனின் குறைந்தால் விலங்குகள் சண்டைக்கு அலையுமா?

கேள்வி: “செரோடோனின் குறைந்த ஆய்வக எலிகள் மூர்க்கமாகிவிடும் என்று படித்தேன். அப்படியானால் அதைக் கூட்டினால் சாதுவாகிவிடுமா?”

செரோடோனின் என்பது நரம்பு செல்களுக்கிடையே சேதி கொண்டுபோகும் ஒரு ரசாயனம். கேள்வியின் முதல் பாதி ஓரளவு சரி. இரண்டாம் பாதிதான் சிக்கல்.

இரண்டு வருடம் ஓர் ஆய்வகத்தின் அனிமல் ஹவுஸில் உதவியாளனாக இருந்தேன். சுண்டெலிகளின் மூர்க்கத்தை அளக்கும் முறை எளிமையானது. ஓர் ஆணைத் தனிக் கூண்டில் சில நாள் குடியிருக்க விட வேண்டும். பிறகு முன்பின் தெரியாத இன்னொரு ஆணை உள்ளே விட்டு, ஸ்டாப்வாட்சை அமுக்க வேண்டும். முதல் கடி எத்தனை விநாடியில் விழுகிறது, பத்து நிமிடத்தில் எத்தனை கடி என்று எண்ணுவதுதான் வேலை. கடிப்பதற்கு முன் வீட்டுக்காரர் வாலைக் கூண்டில் பரப்பிய உமியில் படபடவென அடிப்பார். அந்தச் சத்தம் கேட்டாலே என் பேனா தயாராகிவிடும்.

இந்தச் சோதனையில் செரோடோனினுக்குப் பெரிய பங்கு இருப்பது உண்மைதான். மூளையில் செரோடோனின் தயாரிக்கும் என்சைமுக்கான மரபணுவை நீக்கிய சுண்டெலிகள் பிழைத்து வளர்கின்றன, ஆனால் ஆண்கள் சட்டென்று பாய்கின்றன. 1994இல் வந்த இன்னோர் ஆய்வில் செரோடோனின் போய் ஒட்டும் ரிசெப்டர்களில் ஒரே ஒரு வகையை, 1பி என்பதை, நீக்கினார்கள். அதற்கே சுண்டெலிகள் இன்னும் சீக்கிரம் தாக்க ஆரம்பித்தன. ஆக, எவ்வளவு சுரக்கிறது என்பது மட்டும் போதாது, எங்கே போய் ஒட்டுகிறது என்பதும் கணக்கில் வரும்.

சரி, கூட்டினால்? எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இதுதான். கலிஃபோர்னியாவில் மைக்கேல் ராலே, மைக்கேல் மெக்குவயர் குழுவினர் வெர்வெட் குரங்குகளை வைத்துச் செய்து 1991இல் வெளியிட்டது. மொத்தம் 12 கூட்டங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று வளர்ந்த ஆண்கள், அதில் ஒருவர் நாட்டாமை. நாட்டாமையை வெளியே எடுத்துவிட்டு, மிச்சமிருந்த இருவரில் ஒருவருக்கு மட்டும் செரோடோனினைத் தூண்டும் மருந்து கொடுத்தார்கள். ஃப்ளுவோக்ஸெட்டின், அதாவது மனச்சோர்வுக்கு மனிதர்களுக்குத் தரும் அதே மாத்திரை, அல்லது உடம்பு செரோடோனின் தயாரிக்கும் மூலப்பொருளான டிரிப்டோஃபேன். மருந்து வாங்கியவர்தான் ஒவ்வொரு முறையும் நாட்டாமையானார். செரோடோனினை மட்டுப்படுத்தும் மருந்து கொடுத்தபோது பதவி மற்றவருக்குப் போனது.

செரோடோனின் கூட்டப்பட்டவர் அடித்துப் பிடித்து மேலே வரவில்லை என்பதுதான் வேடிக்கை. முதலில் பெண் குரங்குகளோடு உட்கார்ந்து பேன் பார்ப்பது கூடியது. பிறகு சண்டை வந்தபோது அந்தப் பெண்கள் இவர் பக்கம் நின்றார்கள். செரோடோனின் குறைக்கப்பட்டவரோ அதிகமாக வம்புக்குப் போனார், ஆனாலும் கீழேயே கிடந்தார். நம் ஊர்ப் பஞ்சாயத்துத் தேர்தலைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது!

அமெரிக்காவில் தெற்கு கரோலினாவின் மார்கன் தீவில் திறந்தவெளியில் வாழும் ரீசஸ் குரங்குகளிலும் இதே வாடை. செரோடோனின் சிதைந்து உண்டாகும் பொருள் தண்டுவட நீரில் குறைவாக இருந்த (அதாவது மூளையில் செரோடோனினின் வேலை குறைவாக இருந்த) இளம் ஆண்கள், மர உச்சியில் ஆபத்தான நீளத்துக்குத் தாவின, சண்டையை நடுவில் விடத் தெரியாமல் காயம்பட்டன, பலவும் சீக்கிரமே செத்தன. ஜப்பானின் ஒகினாவாவில் 2014இல் வந்த ஆய்வில், நடுமூளையில் செரோடோனின் சுரக்கும் நரம்பு செல்களை ஒளியால் தூண்டியபோது, சுண்டெலிகள் உணவுக்காகக் கூடுதல் நேரம் பொறுமையாகக் காத்திருந்தன. அதனால் ‘சாது’ என்பதை விட ‘நிதானம்’ என்ற சொல்தான் பொருந்தும் என்பது என் கருத்து.

ஆனால் சிங்கி இறாலிடம் இந்தக் கணக்கைச் சொல்லிவிடாதீர்கள். ஹார்வர்டில் எட்வர்ட் க்ராவிட்ஸ் குழு அதன் ரத்தத்தில் செரோடோனின் ஏற்றியபோது, அது கால்களை ஊன்றி உடம்பைத் தூக்கி, கொடுக்கை விரித்துச் சண்டைக்காரன் மாதிரி நின்றது.

அப்புறம், என் சொந்தக் கதை. சோதனைக்கு முந்தைய நாள், நாற்றம் தாங்காமல் ஒரு கூண்டின் உமியை மாற்றிவிட்டேன். மறுநாள் அந்த வரிசையிலேயே பெரிய ரௌடி, புதிதாக வந்தவனை ஒருமுறை முகர்ந்துவிட்டு மூலையில் போய் மீசை துடைத்துக்கொண்டிருந்தான். மருந்து எதுவும் கொடுக்கவில்லை. தன் வாசனை இல்லாத வீட்டுக்காக எதற்குச் சண்டை என்று நினைத்தானோ என்னவோ. பத்து நிமிடம், பூஜ்யம் கடி. அந்த வாரத் தரவு முழுவதும் குப்பைக்குப் போனது.