களைக்கொல்லி விஷம்: நோயாளியின் வீட்டார் கேட்கும் கேள்விகள்

கேள்வி: தம்பி பாராகுவாட் என்ற களைக்கொல்லியைக் குடித்துவிட்டான். மறுநாளே எழுந்து உட்கார்ந்து பேசுகிறான், வாந்தியும் நின்றுவிட்டது. வீட்டுக்கு அழைத்துப் போகலாமா?

பதில்: கூடவே கூடாது. பாராகுவாட்டில் பலருக்கு நினைவு தப்பாது. அதனால்தான் வீட்டார் ஏமாந்துபோகிறார்கள். முதலில் வாயும் தொண்டையும் வெந்து, நாக்கில் வெள்ளைப் படலத்தோடு புண் வரும். 1 முதல் 3 நாட்களில் சிறுநீர் குறையும், சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறும். கல்லீரல் கெட்டுக் கண் மஞ்சளாவதும் அதையொட்டித்தான். நுரையீரலின் முறை அதற்குப் பிறகு. அங்குள்ள செல்கள் இந்த விஷத்தை ரத்தத்திலிருந்து தாமே இழுத்துச் சேர்த்துக்கொள்கின்றன. ரத்தத்தில் அளவு இறங்கிய பிறகும் காற்றறைகள் தழும்பேறி இறுகிக்கொண்டே போகும். முதல் சில நாட்களைத் தாண்டியவர்களின் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இதுதான், பல நேரம் 2, 3 வாரம் கழித்து. பிழைத்தவர்களுக்குச் சிறுநீரகமும் கல்லீரலும் பொதுவாகத் தேறிவிடும்.

சிறுநீரில் டைதயோனைட் சோதனை செய்தார்களா என்று கேளுங்கள். நீல நிறம் வந்தால் பாராகுவாட் உண்டு. கருநீலமானால் நிலைமை மோசம். குடித்து 6 மணி நேரம் கழித்தும் நிறம் மாறவில்லை என்றால் நம்பிக்கை வைக்கலாம்.

கேள்வி: மூச்சு வாங்குகிறது, ஆனால் ஆக்சிஜன் வைக்க மறுக்கிறார்கள். அலட்சியமா?

பதில்: இல்லை. நுரையீரலில் பாராகுவாட் ஆக்சிஜனைப் பிடித்துத்தான் திசுவை அரிக்கும் மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. ஆகவே விரலில் மாட்டும் கருவியில் ரத்த ஆக்சிஜன் அளவு சுமார் 90 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் கொடுப்பார்கள், அதுவும் தேவையான அளவுக்கு மட்டும்.

கேள்வி: டயாலிசிஸ் செய்தால் விஷம் இறங்கிவிடுமா?

பதில்: டயாலிசிஸ் செயலிழந்த சிறுநீரகத்தின் வேலையைப் பார்க்கும். நுரையீரலுக்குள் போய்ச் சேர்ந்ததை வெளியே எடுக்காது. கரித்தூள் வடிகட்டி வழியே ரத்தத்தைச் சுத்திகரிக்கும் முறையில் ஏதாவது பலன் வேண்டுமானால் முதல் சில மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். ஆஸ்பத்திரியில் வாய்வழி கொடுக்கும் மருத்துவக் கரித்தூளும் (பெரியவர்களுக்கு வழக்கமாக 50 கிராம்) அப்படித்தான்; தாமதமானால் பலன் குறைவு. வீட்டில் உப்புக்கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வெந்த உணவுக்குழாய் இரண்டாம் முறையும் வேகும். டப்பாவையோ லேபிளையோ எடுத்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: குடித்தது கிளைஃபோசேட் என்ற வேறு களைக்கொல்லி என்றால்?

பதில்: கதை வேறு. மருந்தோடு கலந்திருக்கும் சோப்பு போன்ற பொருளும் பெரும் கேடு செய்கிறது. ரத்த அழுத்தம் சரிவது, ரத்தத்தில் அமிலம் கூடுவது, பொட்டாசியம் ஏறுவது, வாந்தி நுரையீரலுக்குள் போவது ஆகியவற்றைத்தான் கவனிக்க வேண்டும். மாற்றுமருந்து கிடையாது. சில பூச்சிமருந்து விஷத்துக்குப் போடும் அட்ரோபின் இதற்கு முறிவாகாது. டப்பா இல்லாமல் வந்தால், குடித்தது எது என்று தெரியாமல் முதல் மணி நேரங்கள் வீணாவது இங்கேதான். வயதானவர்களுக்கு ஆபத்து அதிகம்.

கேள்வி: ஸ்பிரேயர் டேங்க் ஒழுகி முதுகு முழுக்க நனைந்துவிட்டது. பயப்பட வேண்டுமா?

பதில்: நனைந்த சட்டையை உடனே கழற்றி, சோப்பு போட்டுக் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். காயமில்லாத தோலில் தண்ணீர் கலந்த மருந்து பட்டால் பெரும்பாலும் எரிச்சலோடு போகும். தோல் உரிந்த இடத்தில், அல்லது தண்ணீர் கலக்காத பாராகுவாட் பட்டு நெடுநேரம் இருந்தால், உள்ளே ஏறும். அப்போது ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: பிழைத்து வீடு திரும்பியவரை எப்படிக் கவனிப்பது?

பதில்: கிரியேட்டினின், மூச்சுத்திறன் சோதனை இரண்டையும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் செய்யுங்கள். படி ஏறும்போது மூச்சு வாங்கினால் தள்ளிப்போடாதீர்கள். பீடி, சிகரெட் கூடாது. தானே குடித்தவர் என்றால் மனநல மருத்துவரைப் பார்க்காமல் டிஸ்சார்ஜ் வாங்காதீர்கள், மருந்து டப்பாக்களை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். பேச ஆள் வேண்டுமானால் அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் எண் 14416, இலவசம், எந்நேரமும் கிடைக்கும்.