குதிரை மேல் குரங்கு: சீன ஆண்டு விலங்குகளும் பரிசுகளும் – வாசகர் கேள்வி பதில்

குதிரை ஆண்டு 2026 பிப்ரவரி 17 அன்று பிறப்பதை ஒட்டி, சீனர்களின் பன்னிரண்டு ஆண்டு விலங்குகளைப் பற்றியும் அவற்றின் உருவில் வரும் பரிசுப் பொருள்களைப் பற்றியும் வாசகர்கள் கேட்டவற்றுள் சிலவற்றுக்கு இங்கே விடை தருகிறேன்.

கேள்வி: என்னுடன் வேலை செய்யும் சீனத் தோழி 1990 ஜனவரி 15 அன்று பிறந்தவர். 1990 குதிரை ஆண்டு என்று படித்ததால், குதிரை உருவம் செதுக்கிய ஜேட் கல் பதக்கம் ஒன்றை அவருக்குப் பரிசளிக்க விரும்புகிறேன். பொருத்தமாக இருக்குமா?

பதக்கத்தை வாங்குவதற்கு முன்பே கேட்டீர்கள், நல்லதாயிற்று. உங்கள் தோழியின் விலங்கு குதிரை அன்று, பாம்பு. சீனப் புத்தாண்டு ஜனவரி 1 அன்று பிறப்பதில்லை. சந்திரனின் ஓட்டத்தைப் பின்பற்றி ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் இடைப்பட்ட ஏதேனும் ஒரு நாளில் பிறக்கிறது. 1989 பிப்ரவரி 6 அன்று தொடங்கிய பாம்பு ஆண்டு 1990 ஜனவரி 26 வரை நீடித்தது. குதிரை ஆண்டு மறுநாள்தான் பிறந்தது. ஜாதகம் கணிப்பவர்களுள் பலர் புத்தாண்டு நாளை விட்டுவிட்டு, பிப்ரவரி 4-ஐ ஒட்டி வரும் 'வசந்தத் தொடக்க' நாளையே ஆண்டின் எல்லையாகக் கொள்கிறார்கள். அந்தக் கணக்குப்படியும் உங்கள் தோழி பாம்பு ஆண்டுக்காரரே. ஜனவரியிலும் பிப்ரவரி முற்பகுதியிலும் பிறந்தவர்களுக்குப் பரிசு வாங்கும்போது, அந்த ஆண்டின் புத்தாண்டு எந்த நாளில் வந்தது என்று பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

பாம்பு என்றதும் தயங்க வேண்டியதில்லை. சீனர்கள் அதனைச் 'சிறிய டிராகன்' என்று மதிப்போடு குறிப்பிடுவது வழக்கம். தோலை உரித்துப் புதிதாக வெளிவருவதால் அது புத்துயிரின் அடையாளமாகவும் கருதப்படுகிறது. ஆயினும் பாம்பின் உருவத்தைக் கழுத்தில் அணிவதற்கு எல்லாருக்கும் மனம் வராது. அப்படியானால் பாம்புக்கு உற்ற துணையாகச் சொல்லப்படும் குரங்கின் உருவத்தைத் தரலாம். எலிக்கு எருது, புலிக்குப் பன்றி, முயலுக்கு நாய், டிராகனுக்குச் சேவல், பாம்புக்குக் குரங்கு, குதிரைக்கு ஆடு என்று ஆறு இணைகள் வழிவழியாக வகுக்கப்பட்டிருக்கின்றன.

கேள்வி: விலங்குகளுக்கு வைத்த ஓட்டப் போட்டியில் எலி எருதின் முதுகில் ஏறி வந்து முதலிடம் பிடித்ததாகக் குழந்தைகளுக்குக் கதை சொல்கிறோம். உண்மையில் இந்த வரிசை எப்படி ஏற்பட்டது?

வானுலகை ஆளும் ஜேட் பேரரசர் போட்டி வைத்தார், எருதின் முதுகில் வந்த எலி கடைசி நொடியில் முன்னால் குதித்தது, ஏமாற்றப்பட்ட பூனை அன்றுமுதல் எலிக்குப் பகையானது என்னும் கதை அழகானது. ஆனால் அது வரிசை அமைந்த பிறகு அதற்குக் காரணம் சொல்லப் பிறந்த கதை. இன்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று மூங்கிலில் எழுதப்பட்டிருக்கிறது. ஹூபெய் மாகாணத்தின் ஷுய்ஹூதி என்னுமிடத்தில் 1975-இல் ஒரு கல்லறையைத் தோண்டியபோது, கி.மு. 217-ஐ ஒட்டிப் புதைக்கப்பட்ட சின் அரசு அதிகாரி ஒருவருடைய உடலைச் சுற்றிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூங்கில் சுவடிகள் கிடைத்தன. அவற்றுள் நாள் பார்க்கும் சுவடி ஒன்று, திருட்டு எந்த நாளில் நடந்ததோ அந்த நாளுக்குரிய விலங்கைக் கொண்டு திருடனின் முகத்தையும் உருவத்தையும் ஊகிக்க வழி சொல்கிறது. அந்தப் பட்டியலில் எலியும் எருதும் புலியும் முயலும் இன்றைய இடங்களிலேயே இருக்கின்றன. ஆனால் இன்று குதிரை நிற்கும் இடத்தில் மான் நிற்கிறது, ஆட்டின் இடத்தில் குதிரை நிற்கிறது. விலங்குகள் இடம் மாறி மாறி அமைந்த காலம் ஒன்று இருந்தது என்பது இதனால் விளங்கும். கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாங் சொங் என்னும் அறிஞர் எழுதிய நூலில்தான் இன்றைய பன்னிரண்டும் முழுமையாகக் காணப்படுகின்றன.

வரிசைக்குப் பிற்கால அறிஞர்கள் சொன்ன விளக்கம் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தமானது. அவர்கள் விலங்குகளின் கால்விரல்களை எண்ணினார்கள். உலகை இயக்கும் இரு எதிரெதிர் ஆற்றல்களாகச் சீனர்கள் கருதும் யாங், யின் ஆகியவற்றுள் ஒற்றைப்படை யாங், இரட்டைப்படை யின். புலிக்கு ஐந்து, முயலுக்கு நான்கு, டிராகனுக்கு ஐந்து. விரலே இல்லாத பாம்புக்குப் பிளவுபட்ட நாக்கைக் கொண்டு இரண்டு. குதிரைக்கு ஒரே குளம்பு, ஆட்டுக்கு நான்கு என்று ஒற்றையும் இரட்டையும் மாறி மாறி வருகின்றன. எலிக்கு முன்னங்காலில் நான்கு விரல்கள், பின்னங்காலில் ஐந்து. இரண்டையும் தன்னிடத்தே கொண்டிருப்பதால், ஒரு நாள் முடிந்து மறுநாள் தொடங்கும் நள்ளிரவுப் பொழுது அதற்கு உரியதாயிற்றாம். இரவு 11 மணி முதல் 1 மணி வரையிலான அந்தப் பொழுதே, ஒரு நாளை விலங்குக்கு ஒன்றாக இரண்டிரண்டு மணி நேரமாகப் பகுத்த பன்னிரண்டு பொழுதுகளில் முதலாவது.

கேள்வி: ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு குணம் சொல்கிறார்கள். பரிசுப் பொருள்களிலோ குரங்கு குதிரை மேல் அமர்ந்திருக்கிறது, குதிரை காசைச் சுமக்கிறது. இவற்றுக்கு என்ன பொருள்?

குணப் பட்டியலை ஒதுக்கிவிட்டு உருவங்களைக் கவனித்திருக்கிறீர்கள். பரிசின் உயிர் அங்கேதான் இருக்கிறது. சீன மொழியில் ஒரே ஒலி பல சொற்களுக்குப் பொதுவாக வரும். ஆகவே ஒரு பரிசுப் பொருளைக் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது, அதன் பெயரை வாய்விட்டுச் சொல்லியும் பார்க்க வேண்டும். குரங்குக்கு 'ஹோவ்' என்று பெயர். பிரபுப் பட்டத்துக்கும் அதே ஒலி. 'மாஷாங்' என்றால் 'குதிரையின் மேல்' என்றும் பொருள், 'உடனே' என்றும் பொருள். தேனீக்குரிய 'ஃபெங்' என்னும் ஒலி, பட்டம் சூட்டுதல் என்பதற்கும் உரியது. எனவே குதிரை மேல் குரங்கு அமர்ந்து, அருகில் தேனீ ஒன்று பறக்கும் சிற்பத்தை 'மாஷாங் ஃபெங்ஹோவ்' என்று வாசித்தால், 'உனக்கு உடனே பிரபுப் பட்டம் கிடைக்கட்டும்' என்னும் வாழ்த்தாகிறது. தேர்வு எழுதப் போகிறவருக்கும் பதவி உயர்வை எதிர்பார்த்திருப்பவருக்கும் இதைத் தருவார்கள். குட்டியை முதுகில் சுமக்கும் தாய்க்குரங்கும் அப்படியே: முதுகுக்கும் தலைமுறைக்கும் 'பெய்' என்பதே ஒலியாகையால், 'தலைமுறை தலைமுறையாகப் பட்டம்' என்று அது வாழ்த்துகிறது. குதிரை முதுகில் காசு வைத்த பொம்மைகள் 2014-ஆம் குதிரை ஆண்டில் எங்கும் பரவியதற்கும் இந்த 'மாஷாங்' என்னும் சொல்லே காரணம். 'உடனே பணம் வரட்டும்' என்பது அதன் பொருள்.

சேவலின் 'ஜி' என்னும் பெயர் மங்கலத்தைக் குறிக்கும் சொல்லை நினைவூட்டும். அதன் கொண்டையின் பெயரோ அரசு அதிகாரியைக் குறிக்கும் சொல்லோடு ஒலி ஒத்தது. மூன்று ஆடுகள் சேர்ந்த ஓவியம், ஆட்டுக்கும் ஒளிக்கும் பொதுவான 'யாங்' என்னும் ஒலியால் வசந்தத்தின் வரவைச் சொல்கிறது. நாய் குரைக்கும் 'வாங்' என்னும் ஓசை செழிப்பு என்னும் சொல்லாகக் கேட்கும். பன்றியின் பெருமை ஒலியில் அடங்கியிருக்கவில்லை. 'வீடு' என்பதற்கான சீன எழுத்தைப் பாருங்கள், கூரையின் கீழ் ஒரு பன்றி. பன்றி நிற்கும் வீடே நிறைந்த வீடு என்று அந்த எழுத்து எத்தனையோ நூற்றாண்டுகளாகச் சொல்லிவருகிறது. டிராகன் மழைக்கும் அரசுக்கும் உரியது. ஐந்து நகம் கொண்ட டிராகன் ஒரு காலத்தில் பேரரசருக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. முயல் நிலவில் உரலில் இட்டு மருந்து இடிக்கிறது. எருதுக்கு உழைப்பு, எலிக்குச் சேமிப்பும் மக்கட்பேறும்.

புலியைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். வட சீனத்துக் கிராமங்களில் பாட்டிமார் பேரக் குழந்தைக்குத் தைத்துத் தரும் புலித்தலைக் காலணி ஒன்றைக் கையில் ஏந்திப் பார்த்திருக்கிறேன். என் உள்ளங்கையை நிறைக்கக்கூட அது போதாது. சிவப்புத் துணியின் முனையில் உருண்டைக் கண்கள், பஞ்சு அடைத்த காதுகள், நூலால் ஆன மீசை. நெற்றியில் 'அரசன்' என்னும் எழுத்து. அதன் மூன்று குறுக்குக் கோடுகளும் ஒரு நெடுங்கோடும் புலியின் நெற்றி வரிகளாகவே அமைந்துவிடுகின்றன. நடக்கத் தொடங்கும் குழந்தைக்கு முன்னால் புலி பார்த்துக்கொண்டே செல்லும், தீயது எதுவும் அண்டாது என்பது நம்பிக்கை. புலி ஆண்டில் பிறந்த குழந்தைக்கு மட்டும் என்றில்லை, எந்தக் குழந்தைக்கும் இதனைத் தரலாம்.

கேள்வி: குதிரை ஆண்டுக்காரருக்கு 2026 அதிர்ஷ்டமான ஆண்டுதானே?

அப்படித்தான் தோன்றும், நம்பிக்கையோ இதற்கு நேர்மாறானது. தமக்குரிய விலங்கின் ஆண்டு திரும்பி வருவதைச் சீனர்கள் 'பென்மிங் நியென்' என்பார்கள்; பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் அது, இடையூறுகள் நேரக்கூடிய ஆண்டாகக் கருதப்படுகிறது. அந்த ஆண்டை ஆளும் 'தாய் சுய்' என்னும் தெய்வத்தோடு மோதல் ஏற்படும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அறுபது ஆண்டுச் சுழற்சிக்கு ஏற்ப இத்தெய்வங்களும் அறுபது. பெய்ஜிங்கின் வெண்மேகக் கோயிலில் அறுபது பேருக்கும் தனி மண்டபமே இருக்கிறது. மக்கள் தமது பிறந்த ஆண்டுக்குரிய தெய்வத்தைத் தேடிச் சென்று வணங்குகிறார்கள்.

இந்த இடையூறுகளிலிருந்து காப்பது சிவப்பு நிறம். சிவப்புக் கயிற்றில் கோத்த சிறு குதிரை, சிவப்பு இடைவார், சிவப்புக் காலுறை ஆகியவை ஏற்ற பரிசுகள். தாமே வாங்கி அணிவதைவிடப் பிறர், குறிப்பாக மூத்தவர்கள், வாங்கித் தந்து அணிவதே சிறப்பு என்பதால், உங்கள் பரிசுக்கு இந்த ஆண்டில் தனி மதிப்பு உண்டு. காலுறையின் அடிப்பாகத்தில், கேடு நினைக்கும் அற்பர்களை மிதிப்பதாகச் சொல்லும் எழுத்துகளை நெய்து விற்பதும் உண்டு. சிவப்பு உள்ளாடையும் வழக்கத்தில் உள்ளதே. ஆனால் அது குடும்பத்தாரும் மிக நெருங்கியவர்களும் தர வேண்டியது.

கேள்வி: பன்னிரண்டு விலங்குகளும் வட்டமாக அமைந்த அழகிய சுவர்க்கடிகாரம் ஒன்றைப் பார்த்தேன். சீன நண்பரின் புதுமனைக்குத் தரலாமா?

வேண்டாம். 'கடிகாரம் தருதல்' என்னும் தொடர், இறப்பவரின் அருகிலிருந்து கடைசிக் கடன் செய்தல் என்னும் தொடரோடு ஒலியில் முற்றும் ஒன்றுபடுகிறது. விலங்குகள் எத்தனை மங்கலமானவையாக இருந்தாலும் அந்த ஒலியை மறைக்க இயலாது. குடை பிரிவையும் பேரிக்காய் விலகலையும் நினைவூட்டும். அதே பன்னிரண்டு விலங்குகளையும் சிவப்புத் தாளில் நறுக்கிய கத்தரிப்புச் சித்திரமாகச் சட்டமிட்டுத் தாருங்கள். இரு கைகளாலும் நீட்டுங்கள். நண்பர் அதனை அப்போதே பிரித்துப் பார்க்காவிட்டால் வருந்த வேண்டாம், அது மரியாதை.

கேள்வி: வியட்நாமில் பூனை ஆண்டு உண்டு என்பது உண்மையா?

உண்மை. அங்கே முயலின் இடத்தில் பூனையும், எருதின் இடத்தில் எருமையும் இருக்கின்றன. ஜப்பானில் பன்றிக்குப் பதிலாகக் காட்டுப்பன்றி. ஜப்பான் 1873 முதல் புத்தாண்டை ஜனவரி 1 அன்றே கொண்டாடுவதால், முதல் கேள்வியில் வந்த தோழி ஜப்பானியராக இருந்திருந்தால் குதிரைப் பதக்கமே பொருந்தியிருக்கும்.

கேள்வி: என் மகன் அஞ்சல்தலை சேகரிப்பவன். ஆண்டு விலங்கு அஞ்சல்தலைகளில் எதிலிருந்து தொடங்கலாம்?

சீனத்தின் முதல் ஆண்டு விலங்கு அஞ்சல்தலை 1980 பிப்ரவரி 15 அன்று வெளிவந்த குரங்கு. வரைந்தவர் ஓவியர் ஹுவாங் யோங்யூ. மதிப்பு 8 ஃபென் (சீனச் சில்லறைக் காசு). ஒரு தாளில் 80 தலைகள். செக்கச் சிவந்த பின்னணியில் நம்மை நேரே பார்த்து உட்கார்ந்திருக்கும் கருங்குரங்கின் மயிரிழைகளைப் பூதக்கண்ணாடியில் ஒவ்வொன்றாகக் காணலாம். இன்று அதன் விலை மிக உயர்ந்துவிட்டது. போலிகளும் நிறைய உலவுகின்றன. எனவே தொடக்கத்திலேயே அதனைத் தேடி அலையாமல், மகன் பிறந்த ஆண்டின் விலங்கிலிருந்து தொடங்குங்கள். அதே ஓவியர் தம் வாழ்வின் கடைசிக் காலத்தில், 2023-க்காக, சிவந்த கண்களும் கையில் எழுதுகோலும் கொண்ட நீல முயல் ஒன்றை வரைந்தார். அது பேய்போல் இருக்கிறது என்று பலர் குறை கூறினார்கள். எனக்கு அதன் குறும்பு பிடித்திருக்கிறது. மகனுக்கும் பிடிக்கும் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: 2026 'நெருப்புக் குதிரை' ஆண்டு என்றும், அதில் பெண் குழந்தை பிறப்பது நல்லதன்று என்றும் சொல்கிறார்களே?

இதற்கு நேரடியாகவே விடை சொல்லிவிடுகிறேன். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை குதிரையோடு நெருப்பு சேர்ந்து வரும். அந்த ஆண்டில் பிறக்கும் பெண் கணவனின் ஆயுளைக் குறைப்பாள் என்பது ஜப்பானில் வேரூன்றிய நம்பிக்கை. சென்ற முறை அது வந்த 1966-இல், முந்தைய ஆண்டில் சுமார் 18.2 லட்சமாக இருந்த பிறப்புகள் சுமார் 13.6 லட்சமாகக் குறைந்தன. அடுத்த ஆண்டில் மீண்டும் 19 லட்சத்தைத் தாண்டின. அந்த ஆண்டில் பிறந்த பெண்களுக்கு வந்த துன்பம் ஏதேனும் உண்டென்றால், அது சுற்றியிருந்தவர்களின் வாயிலிருந்து வந்ததுதான். ஆண்டு விலங்குகளை நான் நேசிப்பது அவை வாழ்த்தும் மொழியாக இருப்பதற்காக. பிறக்காத குழந்தையைப் பழிக்கும் இடத்தில் அவற்றை என்னால் ஏற்க முடியாது. இந்த ஆண்டில் உங்கள் குடும்பத்தில் மகள் பிறந்தால், சிவப்புக் கயிற்றில் ஒரு குதிரையைக் கோத்து மணிக்கட்டில் கட்டுங்கள்.

கேள்வி: பன்னிரண்டு வெண்கல விலங்குத் தலைகளின் சிறு பிரதிகளைப் பரிசுப் பெட்டியாக விற்கிறார்கள். அவை எவற்றின் பிரதிகள்?

பெய்ஜிங்கின் யுவான்மிங்யுவான் அரண்மனைத் தோட்டத்தில், சியென்லோங் பேரரசருக்காக ஐரோப்பியத் துறவிகள் வடிவமைத்த நீரூற்றுக் கடிகாரத்தின் தலைகள் அவை. மனித உடலில் விலங்குத் தலை வைத்த பன்னிரண்டு உருவங்கள் தத்தம் இரண்டு மணி நேரத்தில் வாயிலிருந்து நீரைப் பாய்ச்சின. குதிரைக்குரிய நண்பகலில் பன்னிரண்டும் ஒருசேரப் பாய்ச்சின. 1860-இல் பிரித்தானிய, பிரெஞ்சுப் படைகள் தோட்டத்தைச் சூறையாடி எரித்தபோது தலைகள் சிதறிப் போயின. எருது, புலி, குரங்கு ஆகியவை 2000-இல் ஏலத்தில் மீட்கப்பட்டன. பின்னர்ப் பன்றி திரும்பியது. எலியும் முயலும் 2013-இல் பிரான்ஸிலிருந்து வந்தன. தொழிலதிபர் ஸ்டான்லி ஹோ 2007-இல் வாங்கிய குதிரை, 2019-இல் நாட்டுக்குக் கொடையாக அளிக்கப்பட்டு, 2020 டிசம்பரில் தன் பழைய தோட்டத்துக்கே வந்து சேர்ந்தது.

அந்தப் பெட்டியைச் சீன நண்பருக்குத் தருவதானால், இந்த வரலாறு உங்களுக்குத் தெரியும் என்பதை ஒரு வரியில் எழுதி உள்ளே வையுங்கள். பெட்டியில் பன்னிரண்டும் இருக்கும். தாய்நாட்டுக்கு இதுவரை திரும்பியவை ஏழு. டிராகன், பாம்பு, ஆடு, சேவல், நாய் ஆகிய ஐந்தும் இன்னும் வந்து சேரவில்லை.