மறுத்துப் பார்த்தால் இரண்டு விடையுமே உடைகிறது

வணக்கம் சார்,

கொளத்தூரிலிருந்து எழுதுகிறேன். ஐடி வேலை, கூடவே எம்பிஏ சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வுக்குப் படிக்கிறேன். வாதங்களை அலசச் சொல்லும் கிரிட்டிக்கல் ரீசனிங்கில், வாதம் வாய்விட்டுச் சொல்லாமல் நம்பியிருக்கும் அனுமானத்தைக் கேட்கும் கேள்விதான் தலைவலி. ஐந்து விடைகளில் மூன்றைத் தள்ளிவிடுவேன், மிச்சம் இரண்டில் தப்பானதையே எடுப்பேன். ‘விடையை மறுத்துப் பார், வாதம் உடைந்தால் அதுதான் அனுமானம்’ என்று கோச்சிங்கில் சொன்னார்கள். எனக்கு இரண்டுமே உடைகிறது. வங்கித் தேர்வுப் புத்தகங்களில் வரும் கேள்விகளையும் சேர்த்துப் போடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கோச்சிங்கில் சொன்னது சரியான வழிதான். இரண்டில் ஒன்றை நீங்கள் தேவைக்கு மேல் மறுக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. நம்ம ஊர் விஷயத்தையே ஒரு கேள்வியாக்கிப் பார்ப்போம்.

‘2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் சென்னையில் கிணறுகளின் நீர்மட்டம் ஏறியது. ஆகவே ஏறியதற்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம்.’ இதுதான் வாதம். உங்கள் கையில் மிஞ்சிய இரண்டு விடைகள் இவை என்று வையுங்கள். ஒன்று, எல்லா வீடுகளிலும் சேகரிப்புத் தொட்டிகள் ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டன. இன்னொன்று, நீர்மட்டம் ஏறியதற்குக் கூடுதல் மழை மட்டுமே காரணம் அல்ல.

முதலாவதை மறுக்கச் சொன்னால் பெரும்பாலோர் ‘எந்த வீட்டிலும் பராமரிக்கவில்லை’ என்று எழுதுவார்கள். வாதம் உடனே படுத்துவிடும், உங்களுக்கும் அதுதான் நடக்கிறது. ஆனால் ‘எல்லாரும் வந்தார்கள்’ என்பது பொய்யாக ஒரே ஒருத்தர் வராமல் இருந்தால் போதும், யாருமே வராமல் இருக்க வேண்டியதில்லை. அதேபோல இங்கே சரியான மறுப்பு, ‘சில வீடுகளிலாவது பராமரிக்கவில்லை’. சரி, அதனால் என்ன? மற்ற வீடுகளில் இறங்கிய தண்ணீரே மட்டத்தை உயர்த்தியிருக்கலாம், வாதம் கொஞ்சம் சோகையானாலும் நிற்கிறது. இரண்டாவதை மறுங்கள்: ‘கூடுதல் மழை மட்டுமே காரணம்’. அப்புறம் சட்டத்துக்கு அங்கே வேலையே இல்லை, முடிவு அப்படியே விழுந்துவிடுகிறது. விடை அதுதான்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. ‘மட்டுமே’, ‘எப்போதும்’ மாதிரி அழுத்தமான சொல் வந்தால் அந்த விடையைக் கண்ணை மூடிக்கொண்டு நீக்கிவிடு என்று ஒரு குறுக்குவழி சொல்லித்தருகிறார்கள். அதைக் கேட்டிருந்தால் இங்கே சரியான விடையைத்தான் நீக்கியிருப்பீர்கள். ‘மட்டுமே காரணம்’ என்பது பெரிய உரிமைகோரல், ‘மட்டுமே காரணம் அல்ல’ என்பது ரொம்பவே அடக்கமான கூற்று. எனக்கு இந்தக் குறுக்குவழிகள் மேல் பெரிய மரியாதை கிடையாது.

2005 கடைசியில் சென்னை எப்படி மிதந்தது என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்கெல்லாம் நினைவிருக்கும். அந்த ஞாபகம் ‘மழையாகவும் இருக்கலாமே’ என்று ஓட்டையைக் காட்டிக்கொடுக்கும், அதுவரைக்கும் நல்லது. விடையைத் தேர்ந்தெடுக்கும்போது அதை ஓரமாக வைத்துவிடுங்கள். ‘மற்ற ஊர்களிலும் மழைநீர் சேகரிப்பு பலன் தந்தது’ என்று ஒரு விடை இருந்தால் அது உண்மையாகவே இருக்கலாம், வாதத்துக்குத் தெம்பும் தரும், ஆனால் அது இல்லாமலும் வாதம் நிற்கும் என்பதால் அனுமானம் ஆகாது.

மேலே பார்த்தது வேறு காரணத்தை உள்ளே விடாமல் காவல் நிற்கிற வகை. இன்னொரு வகை, இடைவெளியை இணைப்பது. ‘2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆகவே அவர்கள் கையில் சேமிப்பு கூடியிருக்கும்’ என்கிறார் ஒருவர். சேமிப்பு என்ற சொல் முடிவில்தான் முதல்முறையாக வருகிறது, கவனித்தீர்களா? மிச்சமான காசு முழுக்க வேறு செலவில் போய்விடவில்லை என்பது வாய்விட்டுச் சொல்லாத இணைப்பு. முடிவில் புதிதாக ஒரு சரக்கு வந்தால் பெரும்பாலும் விடை அங்கேதான் இருக்கும்.

மணிமேகலையில் அறவண அடிகள் காஞ்சியில் அவளுக்குச் சொல்லித்தரும் அளவையில், அதாவது தர்க்க முறையில், பக்கம் (சொல்ல வருவது), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு), உபநயம் (பொருத்திக் காட்டுவது), நிகமனம் (முடிவு) என்று ஐந்து உறுப்பு. மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை இருக்கிறது என்று சொன்னால் போதாது, அடுக்களை போல என்று புகைக்கும் நெருப்புக்கும் உள்ள தொடர்பையும் சொல்லியாக வேண்டும். ஜிமேட் கேள்வி எழுதுகிறவர் அந்த மூன்றாவது உறுப்பை உருவிவிட்டு உங்களிடம் கேட்கிறார், அவ்வளவுதான்.

வங்கித் தேர்வுப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். அங்கே ஒரு கூற்றும் இரண்டு அனுமானமும் கொடுத்து, எது உள்ளுறையாக இருக்கிறது என்று கேட்பார்கள். விளம்பரம் கொடுத்தால் ஆட்கள் அதைப் பார்ப்பார்கள் என்று எதிர்பார்த்துத்தான் கொடுக்கிறார்கள் என்கிற மாதிரி, பேசுகிறவரின் எதிர்பார்ப்பைத் தேடும் வேலை அது. பல கேள்விகளில் முடிவு என்று ஒன்றே இருக்காது, ஆகவே உடைத்துப் பார்க்கவும் எதுவும் கிடையாது. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

நேரக் கணக்கையும் பாருங்கள். இப்போதைய ஜிமேட்டில் இந்தக் கேள்விகள் வரும் வெர்பல் பகுதிக்கு 45 நிமிடம், 23 கேள்வி, ஒன்றுக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. ஐந்து விடைகளையும் மறுத்துக்கொண்டிருக்க முடியாது. முதலில் முடிவு எது என்று பிடியுங்கள், சம்பந்தமில்லாத மூன்றை இப்போது போலவே தள்ளுங்கள், கடைசி இரண்டுக்கு மட்டும் மறுப்பை எடுங்கள். வீட்டில் பயிற்சி செய்யும்போது அந்த மறுப்பு வாக்கியத்தை மனசுக்குள் ஓட்டாமல் பேப்பரில் முழுசாக எழுதுங்கள். ‘சில’ வர வேண்டிய இடத்தில் ‘எதுவும்’ வந்துவிட்டால் அப்போதுதான் கண்ணில் படும்.