காவலாளி தானாகவே கதவைத் திறக்கணும்: மனவசிய மந்திரம் – கேள்வி பதில்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில், அடுத்தவர் மனத்தைத் தொடும் ஸ்பெல்களை, அதாவது மந்திரங்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. 2014 விதிப் புத்தகத்தை வைத்தே சொல்கிறேன். 2024இல் வந்த புதிய விதிகளில் மாறியதில் ஒன்றை மட்டும் அந்த இடத்தில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, வாசல் காவலாளி மேல சார்ம் பர்சன்ங்கற வசிய மந்திரம் போட்டு உள்ள போனோம். ஒரு மணி நேரத்துல ஊரே எங்களைத் தேடுது. ஆட்டத்தை நடத்துற டிஎம் பண்றது நியாயமா?

பதில்: நியாயம்தான் தம்பி. அந்த ஸ்பெல்லுக்கு ஆயுள் ஒரு மணி நேரம். முடிந்ததும், தன்னை வசியம் செய்தது நீங்கள்தான் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். விதியிலேயே இருக்கிறது. ஃப்ரெண்ட்ஸ் என்ற கேன்ட்ரிப் (எத்தனை முறை வேண்டுமானாலும் போடக்கூடிய எளிய மந்திரம்) இன்னும் மோசம். ஒரே நிமிடம்தான், அப்புறம் பகை. அதனால் ஒரு மணி நேரத்துக்குள் ஊர் எல்லையைத் தாண்ட முடியுமா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். இன்னொன்று, அந்த நேரத்தில் அவன் உங்களைப் பழகின மனுஷனாகத்தான் நினைப்பான், அடிமையாகிவிட மாட்டான். "இந்த நேரத்துல விட்டா என் வேலை போயிடும்ங்க" என்று அன்பாகவே மறுக்கலாம்.

கேள்வி: அரசவை நடுவில், யாருக்கும் தெரியாமல் மந்திரம் போட வழி உண்டா?

பதில்: குரல், கை அசைவு, பொருள் என்று எது தேவைப்பட்டாலும் பக்கத்தில் இருப்பவர்கள் கவனித்துவிடலாம். 2017இல் வந்த ஸனதார் கையேடு என்ற துணை விதிப் புத்தகம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. சார்சரராக (மந்திர சக்தி உள்ளுக்குள்ளேயே இருக்கும் கதாபாத்திரமாக) இருந்தால், சார்சரி பாயின்ட் என்ற சக்திப் புள்ளியில் ஒன்றைச் செலவழித்து, மந்திரத்தை மறைத்துப் போடும் சட்டில் ஸ்பெல் என்ற திறனை எடுங்கள். குரலும் அசைவும் போய்விடும். சார்ம் பர்சனுக்கு வேறு பொருளும் தேவையில்லை என்பதால், கண்ணுக்கும் காதுக்கும் ஒன்றும் சிக்காது, எதிரியால் அதைத் தடுக்கும் கவுன்ட்டர்ஸ்பெல் போடவும் முடியாது. ஒரு யோசனையைச் சொல்லி அதன்படி நடக்கவைக்கும் சஜெஷன் மந்திரத்துக்குப் பாம்பின் நாக்கும், கூடவே தேனடைத் துண்டோ நறுமண எண்ணெய்த் துளியோ வேண்டும். 2014 விதியில் அவற்றை சட்டில் ஸ்பெல் மறைக்காது. 2024இல் விலை குறிக்காத, செலவாகிவிடாத பொருள்களும் தேவையில்லை.

கேள்வி: என் சஜெஷனை டிஎம் எப்பவும் "நியாயமாப் படலை"ன்னு தள்ளிடறார். எப்படிச் சொல்லணும்?

பதில்: எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. நான் டிஎம்மாக இருந்த எங்கள் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். கிடங்கு வாசலில் காவலாளி. இரவு, மழை. பார்ட் (பாடகர்) கதாபாத்திரத்தை ஆடியவர் முதலில், "காவலை விட்டுட்டு வீட்டுக்குப் போ" என்றார். நான் ஏற்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அண்ணே, சட்டை சொட்டச் சொட்ட நிக்கிறீங்க. உள்ள அடுப்பு எரியுது, காய வச்சுட்டு வாங்க. வாசலை நான் பாத்துக்கறேன்" என்றார். மந்திரத்தை எதிர்க்க டைஸ் உருட்டும் சேவிங் த்ரோவில் காவலாளி தோற்றான், உள்ளே போனான். மறுநாள் தலைவன் விசாரித்தபோது அவன் சொன்னது ஒரே வார்த்தை: "குளிர்."

வித்தை அங்கேதான் இருக்கிறது. அவன் மனத்தில் ஏற்கெனவே பாதி இருக்கிற ஆசையைக் கண்டுபிடித்து, மீதிப் பாதியை மட்டும் கொடுங்கள். ஸ்பெல் முடிந்ததும் தெரிந்துவிடும் என்று சஜெஷனில் எழுதவில்லை. தன் செயலுக்குத் தானே ஒரு காரணம் வைத்திருப்பவன் வேறு காரணத்தைத் தேட மாட்டான். அதனால் அடுத்த முறை ஸ்பெல்லுக்கு முன்னால் அவனோடு ரெண்டு வார்த்தை பேசுங்கள். கால் வலிக்கிறதா, சம்பளம் வந்ததா, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேளுங்கள்.

கேள்வி: எல்ஃப் இனத்தார் மேல் பலிக்குமா?

பதில்: சார்ம் பர்சன் கஷ்டம். எல்ஃப் டைஸை ரெண்டு தடவை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளும். அவரை விட்டுவிட்டு, எல்ஃப் அல்லாத அவர் பணியாளைப் பிடியுங்கள்.

கேள்வி: நான் டிஎம். வில்லன் ஒரு பிளேயரின் கேரக்டரை வசியம் செய்தான். அவங்க கோபப்பட்டுக் கிளம்பிட்டாங்க. எங்கே தப்பு?

பதில்: அவர் கேரக்டரை நீங்களே ஆடியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதைச் செய்யாதீர்கள். ஒரு துண்டுச் சீட்டில், "அமைச்சர் நல்லவர்னு உனக்குத் தோணுது, ஏன்னு நீயே முடிவு பண்ணு" என்று எழுதிக் கொடுங்கள். எப்படி நடிப்பது என்பது அவர் உரிமை. மனத்தைக் கட்டுப்படுத்துவது சிலருக்கு நிஜ வாழ்க்கையின் காயத்தைத் தொடும். முதல் ஆட்டத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். மேசை நடுவில் எக்ஸ் போட்ட அட்டை ஒன்றும் இருக்கட்டும். யார் தொட்டாலும் காரணம் கேட்காமல் காட்சியை மாற்றிவிடுங்கள்.

மற்றவர்கள் கண்டுபிடிக்கவும் வழி வையுங்கள். பழைய 3.5 பதிப்பில் ஒருவர் வசியத்தில் இருப்பதை உணர ஆளை எடைபோடும் சென்ஸ் மோட்டிவ் திறனில் டைஸ் உருட்டி 25 எடுக்க வேண்டும், முழுக்க ஆட்டிவைக்கப்பட்டிருந்தால் 15 போதும். நான் இன்றைக்கும் அதற்கு இணையான இன்சைட் திறனுக்கு அதே எண்களைத்தான் வைக்கிறேன்.

கேள்வி: மனத்தைப் படிக்கும் டிடெக்ட் தாட்ஸ் மந்திரம் போட்டால் எதிராளிக்குத் தெரியுமா?

பதில்: மேலோட்டமான எண்ணத்தை மட்டும் கேட்டால் தெரியாது. ஆழமாகத் தோண்டினால், அவன் சேவிங் த்ரோவில் ஜெயித்தாலும் தோற்றாலும் தெரிந்துவிடும். தோண்டவே வேண்டாம். வெளியே நின்று மந்திரத்தைப் போட்டுவிட்டு உடனே உள்ளே போங்கள், ஒரு நிமிடம்தான் இருக்கிறது. வணக்கம் சொல்லிவிட்டு, "சாவியெல்லாம் பத்திரமா இருக்குதுங்களா?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். அவன் "இருக்கு" என்று மட்டும்தான் சொல்வான். ஆனால் எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று மனசு அதற்குள் அங்கே போய் வந்திருக்கும்.