வீட்டில் ஒரு வால்வு ஆம்ப்: சுங்கை சிப்புட் நண்பர்களின் கேள்விகளும் பதில்களும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பாட்டுக் கேட்பதில் தீராத ஆசை கொண்ட நண்பர்கள், கையால் வால்வு ஆம்ப்ளிஃபயர் (டிரான்சிஸ்டருக்குப் பதில் சூடாகி ஒளிரும் கண்ணாடிக் குப்பிகளால் ஒலியைப் பெருக்கும் கருவி, சுருக்கமாக ஆம்ப்) செய்வது பற்றிக் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

செம்பனை ஆலையில் வேலை செய்யும் தம்பி: அண்ணே, உள்ளங்கை அளவு டிரான்சிஸ்டர் ஆம்ப் போர்டு ஒன்று 50 வாட் கொடுக்கிறது. கனமாகவும் சூடாகவும் இருந்துகொண்டு 5 வாட் தரும் வால்வு எதற்கு?

நியாயமான கேள்வி தம்பி. மீட்டர் வைத்து அளந்தால் அந்தச் சின்ன போர்டுதான் ஜெயிக்கும். டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) குறைவு, கரண்ட் மிச்சம், விலையும் குறைவு. வால்வு என்றால் "உள்ளதை உள்ளபடி" தரும் என்று விற்பவர்கள் சொல்வதை நம்பி இதில் இறங்காதீர்கள். உண்மையில் அது ஒலியோடு தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கிறது. ஒற்றை வால்வு ஸ்பீக்கரை ஓட்டும் சர்க்கியூட்டில் இரண்டாம் ஹார்மோனிக், அதாவது பாடும் சுரத்துக்கு ஒரு ஸ்தாயி மேலே உள்ள அதே சுரம், லேசாகக் கலந்து வரும். சட்ஜமத்தோடு மேல் சட்ஜமம் சேர்வது காதை உறுத்தாது. அதனால்தான் குரல் கனத்துக் கிட்டே வந்தது போலத் தோன்றுகிறது. சத்தத்தை அளவுக்கு மீறிக் கூட்டினால் டிரான்சிஸ்டர் ஆம்ப் அலையின் தலையைச் சட்டென்று வெட்டும். எளிமையான வால்வு ஆம்ப் மெல்ல மெல்ல நசுக்கும்.

குரலும் வயலினும் முன்னால் நிற்கும் பாட்டுக்கு இதற்கு இணை எனக்குத் தெரிந்து வேறில்லை. உறுமி மேளம் நெஞ்சில் இடிக்க வேண்டும் என்றால் உங்கள் போர்டையே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் வீட்டில் இருப்பதில் தப்பில்லை.

ஈப்போவில் வேலை பார்க்கும் ஒருவர்: முதன்முதலாகச் செய்ய எந்த சர்க்கியூட் நல்லது? 300பி வால்வு வாங்கலாமா?

300பி வேண்டாம். அது விலை அதிகமான வால்வு. முதல் வேலைக்கு இ.எல்.84 (EL84) தான் என் தேர்வு. 1950களில் வந்த வால்வு இது, இன்றைக்கும் ஸ்லோவாக்கியாவிலும் ரஷ்யாவிலும் புதிதாகச் செய்கிறார்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு இ.எல்.84, இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு இ.சி.சி.83 (ECC83). அந்தக் குப்பிக்குள் இரண்டு டிரையோடு, அதாவது தனித்தனியாக ஒலியைப் பெருக்கும் இரண்டு பகுதிகள், இருப்பதால் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று போதும். மாறுதிசை மின்சாரத்தை நேர் மின்சாரமாக்கும் ரெக்டிஃபயருக்கு இ.இசட்.81 (EZ81). மொத்தம் நாலு வால்வு, அவ்வளவுதான்.

தயாரிப்பாளரின் டேட்டா ஷீட்டில் உள்ள கணக்கு இது (பிளேட், ஸ்கிரீன், கேத்தோடு எல்லாம் வால்வுக்குள் இருக்கும் பாகங்கள்): பிளேட்டுக்கும் ஸ்கிரீனுக்கும் 250 வோல்ட், பிளேட் கரண்ட் 48 மில்லிஆம்ப், ஸ்கிரீன் கரண்ட் 5.5 மில்லிஆம்ப், கேத்தோடில் 135 ஓம் ரெசிஸ்டர். 250ஐ 48 மில்லிஆம்பால் பெருக்கினால் 12 வாட். இந்த வால்வு தாங்கக்கூடிய அளவும் அதே 12 வாட்தான். அதனால் வோல்ட்டேஜைக் கூட்டிப் பார்க்கும் ஆசை வேண்டாம். ஆம்பைப் போட்டு வால்வு சூடான பிறகு அந்த 135 ஓம் ரெசிஸ்டரின் இரண்டு முனைக்கும் மீட்டரை வையுங்கள். 7.2 வோல்ட் அளவில் காட்டினால் வால்வு சரியான இடத்தில் நிற்கிறது. 9, 10 என்று ஏறினால் உடனே அணைத்துவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் இ.சி.சி.83இலிருந்து ஒலியை மட்டும் விட்டு நேர் மின்சாரத்தைத் தடுக்க வேண்டிய கப்ளிங் கெப்பாசிட்டர் கசிந்துகொண்டிருக்கும்.

ஓர் அம்மா: தம்பி, என் மகன் படிவம் ஐந்து முடித்துவிட்டு இதில் இறங்கியிருக்கிறான். ஷாக் அடிக்குமா? வீட்டு மீட்டர் பெட்டியில்தான் ட்ரிப் ஆகும் சுவிட்ச் இருக்கிறதே?

அக்கா, கேட்டதற்கு நன்றி. இந்தப் பதிலை அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள்.

அடிக்கும். ஆளைக் கொல்லும் அளவுக்கு அடிக்கும். அந்த ட்ரிப் சுவிட்ச் இங்கே காப்பாற்றாது. வீட்டுக்குள் போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சமமாக இருக்கிறதா என்று மட்டுமே அது பார்க்கும். ஆம்புக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர், வீட்டு கரண்டைத் தனியாகப் பிரித்து 300 வோல்ட்டாக ஆக்கித் தருகிறது. அந்த 300 வோல்ட் ஒருவன் கை வழியாக ஓடி ஆம்பின் உடம்புக்குத் திரும்பினாலும், மீட்டர் பெட்டிக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தெரியும்.

இரண்டாவது ஆபத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இருக்கிறது. மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் அந்த வோல்ட்டேஜைப் பிடித்து வைத்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் குறுக்கே 220 கிலோஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்று நிரந்தரமாகப் போட வேண்டும். 47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் என்றால் அதன் சார்ஜ் ஒரு நிமிடத்தில் இறங்கிவிடும். இறங்கியதா என்று மீட்டரால் பார்க்காமல் கை வைக்கக் கூடாது, ஏனென்றால் ரெசிஸ்டரும் ஒருநாள் அறுந்துபோகலாம்.

உலோக அடித்தட்டு, மூன்று முனை பிளக்கின் எர்த்தோடு ஸ்க்ரூ போட்டு இறுக்கப்பட்டிருக்க வேண்டும். எர்த் இல்லாத பழைய வயரிங் உள்ள வீட்டில் ஆம்பை ஓட்டவே வேண்டாம். கரண்ட் உள்ளபோது அளக்க நேர்ந்தால் மீட்டரின் கருப்பு முனையை கிளிப் போட்டு அடித்தட்டில் மாட்டிவிட்டு, ஒரு கையால் மட்டும் அளக்கட்டும். மற்றொரு கை பைக்குள் இருக்கட்டும். ரப்பர் செருப்பு போட்டிருக்க வேண்டும், வீட்டில் இன்னொருவர் இருக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் செய்யக் கூடாது. இதற்கெல்லாம் அவன் சரி என்றால் செய்யட்டும் அக்கா. நல்ல கைத்தொழில் இது.

கோயில் திருவிழாவுக்கு மைக் செட் போடுபவர்: அண்ணே, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. என்னிடம் ஹார்ன் ஸ்பீக்கரில் இருந்து எடுத்த, நீள வயரில் பல ஸ்பீக்கர் ஓட்ட உதவும் 100 வோல்ட் லைன் டிரான்ஸ்ஃபார்மர்கள் கிடக்கின்றன. அதைப் போடலாமா?

உங்கள் கேள்விதான் இந்தத் தொகுப்பிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. முதலில் அந்த டிரான்ஸ்ஃபார்மர் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். இ.எல்.84க்கு 5000 ஓம் அளவில் சுமை வேண்டும், ஸ்பீக்கரோ 8 ஓம். 5000ஐ 8ஆல் வகுத்தால் 625, அதன் வர்க்கமூலம் 25. ஆக, பிரைமரியில் (வால்வுப் பக்கச் சுருள்) 25 சுற்றுக்கு செகண்டரியில் (ஸ்பீக்கர் பக்கச் சுருள்) 1 சுற்று. உங்கள் லைன் டிரான்ஸ்ஃபார்மரிலும் இதே கணக்குதான். 100ஐ 100ஆல் பெருக்கி, முனையில் எழுதியிருக்கும் வாட்டால் வகுத்தால் ஓம் வந்துவிடும். 2 வாட் முனை 5000 ஓம். எண்ணைப் பார்த்தால் அப்படியே பொருந்துகிறது.

ஆனால் ஒற்றை வால்வு சர்க்கியூட்டில் 48 மில்லிஆம்ப் நேர் மின்சாரம் இரவும் பகலும் ஒரே திசையில் அந்தச் சுருள் வழியாக ஓடும். அதைத் தாங்க இரும்புத் தகடுகளுக்கு நடுவே மெல்லிய காற்று இடைவெளி விட்டிருப்பார்கள். லைன் டிரான்ஸ்ஃபார்மரில் அது கிடையாது. இரும்பு காந்தத்தால் நிரம்பிப்போய், பேஸ் காணாமல் போகும், குரலும் கரகரக்கும்.

இரண்டு வால்வு எதிரெதிராக வேலை செய்யும் புஷ்புல் சர்க்கியூட் என்றால் கதை வேறு. இரண்டு வால்வின் நேர் மின்சாரமும் எதிரெதிர்த் திசையில் ஓடி ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், இடைவெளி தேவையில்லை. 1.25 வாட் முனை 8000 ஓம், இரண்டு இ.எல்.84க்கு டேட்டா ஷீட் கேட்பதும் 8000தான். 5 வாட் முனை 2000 ஓம், அதாவது நாலில் ஒன்று, அப்படியென்றால் சுற்றுகளில் சரிபாதி. எல்லா முனையும் ஒரே சுருளில் எடுத்திருந்தால் 5 வாட் முனையே நடு முனையாகிவிடும். பொது முனை ஒரு வால்வுக்கு, 1.25 வாட் முனை இன்னொரு வால்வுக்கு, நடுவில் சப்ளை. உள்ளே உள்ள காப்பு 300 வோல்ட்டுக்கு என்று செய்ததல்ல, அதனால் பழகிப் பார்க்க மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

நிரந்தரமாக வைத்துக் கேட்க வேண்டுமென்றால் செலவு செய்யத்தான் வேண்டும். வால்வு ஆம்பின் தரம் முக்கால்வாசி இந்த இரும்பில்தான் இருக்கிறது. பத்து வகை வால்வு மாற்றிப் பார்ப்பவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: அந்தப் பணத்தைச் சேர்த்து நல்ல அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு வாங்குங்கள்.

இன்னொன்று, ஸ்பீக்கர் வயர் மாட்டாமல் வால்வு ஆம்பில் பாட்டுப் போடவே கூடாது. சுமை இல்லாமல் பிரைமரியில் எழும்பும் வோல்ட்டேஜ் காப்பைக் கிழித்துவிடும்.

மூன்று பேர் கேட்டது: "ஊம்" என்ற இரைச்சல் போகவே மாட்டேன் என்கிறது, என்ன செய்வது?

முதலில் இன்புட் வயரைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். நின்றுவிட்டால் குற்றம் ஆம்பில் இல்லை, பெரும்பாலும் பாட்டு வரும் கணினிக்கும் ஆம்புக்கும் இடையே எர்த் இரண்டு வழியில் சுற்றுகிறது. நிற்காவிட்டால் இரைச்சலின் தன்மையைக் கவனியுங்கள். அடித்தொண்டையில் மென்மையாக இருந்தால் 50 ஹெர்ட்ஸ், பெரும்பாலும் வால்வைச் சூடாக்கும் ஹீட்டரின் வயர்தான். இரண்டு வயரையும் நெருக்கமாக முறுக்கி, அடித்தட்டின் மூலையை ஒட்டி ஓட்டுங்கள். 6.3 வோல்ட் சுருளில் நடு முனை இல்லையென்றால் இரண்டு 100 ஓம் ரெசிஸ்டர் போட்டு நடுவை எர்த் செய்யுங்கள். கொஞ்சம் கரகரப்பாக, ஒரு ஸ்தாயி மேலே இருந்தால் 100 ஹெர்ட்ஸ், அது ஃபில்டர் கெப்பாசிட்டர் போதவில்லை என்பதன் அடையாளம்.

பவர் டிரான்ஸ்ஃபார்மரும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாலும் இரைச்சல் வரும். ஓட்டை போடுவதற்கு முன் 90 டிகிரி திருப்பி வைத்துப் பாருங்கள்.

தோட்டத்திலிருந்து ஒரு தம்பி: தாத்தா லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) வைத்திருந்த பழைய ரேடியோ வீட்டில் இருக்கிறது. அதன் வால்வுகளை எடுத்து ஆம்ப் செய்யலாமா?

செய்ய வேண்டாம் தம்பி. அந்த ரேடியோவை ரேடியோவாகவே காப்பாற்றுங்கள். ஆனால் அதைச் சுவரில் செருகிப் பார்ப்பதற்கு முன் வால்வின் மேல் உள்ள முதல் எழுத்தைப் படியுங்கள். ஐரோப்பிய வால்வுகளில் அந்த எழுத்து ஹீட்டரைச் சொல்லும். "இ" (E) என்றால் 6.3 வோல்ட். "டி" (D) என்றால் 1.4 வோல்ட், பேட்டரி செட். தோட்டங்களுக்கு மின்சாரம் வராத காலத்தில் இந்த வகை செட்தான் உதவியது. அதை வீட்டு கரண்டில் நேராகக் கொடுத்தால் வால்வு அத்தனையும் ஒரே நொடியில் போய்விடும். "யு" (U) என்றால் 100 மில்லிஆம்ப், எல்லா ஹீட்டரும் தொடராகக் கோத்தது. இந்த வகை செட்டுகளில் பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மரே இருக்காது, உலோக உடம்பு நேராக வீட்டு கரண்டோடு சேர்ந்திருக்கும். பின்பலகையைக் கழற்றிவிட்டுத் தொட்டால் ஆபத்து.

எந்த வகையானாலும் அதில் உள்ள மெழுகுக் காகித கெப்பாசிட்டர்கள் இத்தனை வருடத்தில் கசியத் தொடங்கியிருக்கும். மாற்றத் தெரிந்தவரிடம் கொடுத்த பிறகே பாடவிடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை: 5 வாட் என் வீட்டுக் கூடத்துக்குப் போதுமா?

டீச்சர், அதை ஸ்பீக்கர்தான் முடிவு செய்யும். ஸ்பீக்கரின் பின்னால் அல்லது அட்டையில் டெசிபல் கணக்கு ஒன்று இருக்கும், 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எவ்வளவு சத்தம் என்று. 84 போட்டிருந்தால் 5 வாட்டுக்கு 91 டெசிபல்தான். 94 போட்டிருந்தால் 101. தாமான் (குடியிருப்பு) வீட்டுக் கூடத்தில் அது தாராளம், பக்கத்து வீட்டுக்காரர் வந்து கேட்பார். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல் என்பதால், பெரிய ஆம்ப் தேடுவதைவிட 90க்கு மேல் உள்ள ஸ்பீக்கர் தேடுவது புத்திசாலித்தனம். பழைய பெரிய பெட்டி ஸ்பீக்கர்கள் பல இந்தக் கணக்கில் தேறும்.

கடைக்காரர் ஒருவர்: பழைய காலத்து, பெட்டி பிரிக்காத வால்வுதான் உசத்தியா?

இல்லை. போலி முத்திரை நிறைய உலவுகிறது. புதிதாகச் செய்து சோதித்து விற்பதை வாங்குங்கள்.

தச்சு வேலை செய்பவர்: பெட்டியைப் பால்மரக் (ரப்பர் மரக்) கட்டையில் செய்யலாமா?

தாராளமாக. மறுநடவுக்கு வெட்டும் பால்மரத்தில்தான் ஜொகூரின் மூவார் பக்கம் அவ்வளவு மேசை நாற்காலி செய்கிறார்கள். ஒன்று மட்டும், மருந்து ஏற்றி சூளையில் காயவைத்த பலகையாக இருக்கட்டும். பச்சைக் கட்டை நம் ஈரக் காற்றில் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், வண்டும் துளைக்கும். கட்டையைப் பக்கங்களுக்கு மட்டும் வையுங்கள். வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் உட்காரும் மேல்தட்டு 2 மில்லிமீட்டர் அலுமினியமாக இருக்க வேண்டும், இரைச்சலைத் தடுப்பதும் எர்த் ஆவதும் அதுதான்.

வேறொரு நண்பர்: நாள் முழுக்க ஓடவிடலாமா? கரண்ட் பில் ஏறுமா? இடி இடித்தால்?

இந்த நாலு வால்வு ஆம்ப் சுமார் 60 வாட் இழுக்கும், பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும். தினமும் 4 மணி நேரம் கேட்டால் மாதத்துக்கு 7 யூனிட் அளவு. பில் பயமுறுத்தாது, ஆனால் கேட்காதபோது அணைத்துவிடுங்கள், வால்வின் ஆயுள் ஓடும் மணிக்கணக்கில்தான். அடுத்து, அடிப்பக்கத்துக் காற்றுத் துளைகளுக்குக் கம்பி வலை போடுங்கள். சூட்டைத் தேடி வரும் பல்லி 300 வோல்ட்டில் விழுந்தால் அதுவும் சாகும், ரெக்டிஃபயரும் போகும். இடிக்கு, சுவிட்சை அணைப்பது போதாது. சாயங்காலம் வானம் கறுத்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், ஆம்போடு மாட்டியிருக்கும் ரேடியோவின் ஏரியல் வயரையும் சேர்த்து.