பூசணம் பிடித்த புண்ணாக்கு மலிவா? பன்றித் தீவனம் பற்றி இரண்டு கேள்விகள்

கேள்வி: செங்குன்றத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் வெண்பன்றி வைத்திருக்கிறேன் சார். கம்பெனித் தீவனம் கட்டுப்படியாகவில்லை, அதனால் மில் தவிடும் கடலைப் புண்ணாக்கும் வாங்கிக் கலந்து போடுகிறேன். இந்தத் தடவை வந்த புண்ணாக்கு மூட்டையில் ஓரமெல்லாம் பச்சையாகப் பூசணம். கடைக்காரர், "ரெண்டு நாள் வெயில்ல போட்டா சரியாயிடும், வேணும்னா விலையில கழிச்சுக்கிறேன்" என்கிறார். வாங்கலாமா? குட்டிகள் வேறு இப்போது சரியாகத் தின்பதில்லை.

பதில்: வாங்காதீர்கள். ஏற்கெனவே இறக்கிய மூட்டையையும் திருப்பி அனுப்புங்கள், பாதி விலைக்குக் கொடுத்தாலும் சரி. வெயிலில் போட்டால் பூசணம் காய்ந்து உதிரும், ஆனால் அது புண்ணாக்குக்குள் விட்டுப்போன அஃப்ளாடாக்சின் என்கிற நஞ்சு அப்படியே இருக்கும், வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேலான வான்கோழிகள் செத்து விழுந்து, காரணம் தேடிப் போனபோது பிடிபட்டது பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்குதான், இந்த நஞ்சையே உலகம் அப்போதுதான் தெரிந்துகொண்டது. பன்றியில் முதலில் அடிபடுவது கல்லீரல். தீவனம் தின்பது குறையும், எடை ஏறாது, குட்டிகளுக்கும் சினைப் பன்றிக்கும் பாதிப்பு அதிகம். உங்கள் குட்டிகள் தின்னாததற்கு வேறு நோயும் காரணமாக இருக்கலாம், அதனால் இந்தப் புண்ணாக்கை இன்றே நிறுத்திவிட்டு அரசு கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அப்புறம், கண்ணுக்குப் பூசணம் தெரியாத மூட்டையிலும் நஞ்சு இருக்கலாம். மொத்தமாக வாங்குவதாக இருந்தால் நாமக்கல் கால்நடைக் கல்லூரியில் உள்ள தீவனப் பரிசோதனைக் கூடத்துக்கு மாதிரி அனுப்பிப் பார்ப்பது நல்லது.

தவிடு விஷயத்தில் நீங்கள் கொடுத்து வைத்தவர், செங்குன்றத்தில் அரிசி மில்லுக்கா பஞ்சம்! விலையைக் கேட்பதற்கு முன்னால் என்றைக்கு அரைத்தது என்று கேளுங்கள். நெல்லை அரைத்த கையோடு தவிட்டில் இருக்கிற எண்ணெய் கெட ஆரம்பித்துவிடும், பச்சரிசித் தவிடு சில நாளிலேயே சிக்கு வாடை அடிக்கும். புழுங்கல் தவிடு கொஞ்சம் தாங்கும், நெல்லை அவிக்கும்போதே எண்ணெயைக் கெடுக்கும் நொதி செத்துவிடுகிறது. எண்ணெய் எடுத்த தவிடு இன்னும் நாள் தாங்கும், ஆனால் அதில் சத்துக் குறைவு, அதற்கேற்ற விலைதான் கொடுக்க வேண்டும். மூட்டையின் நடுவில் கையை விட்டு ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். நல்ல தவிடு மெத்தென்று பிடிபிடியாக நிற்கும். உள்ளங்கையில் குத்தி, பொலபொலவென்று உதிர்ந்தால் உமி கலந்திருக்கிறது, உமிக்குத் தவிட்டு விலை கொடுப்பதைவிடப் பணத்தைக் கால்வாயில் போடலாம். மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவிடு வேண்டாம். சேலத்து ஜவ்வரிசி ஆலைத் திப்பி, அதாவது மாவெடுத்த மரவள்ளிக் கிழங்குச் சக்கை, மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம், நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து. அதில் புரதம் கிட்டத்தட்ட இல்லை என்பதால் புண்ணாக்கைக் குறைத்துவிட்டுத் திப்பியை ஏற்றக் கூடாது. பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு மட்டும் வேண்டவே வேண்டாம், அதில் இருக்கும் காசிபால் என்கிற நஞ்சு மாட்டுக்கு ஒத்துக்கொண்டாலும் பன்றிக்கு ஆகாது.

கேள்வி: பெரம்பூரில் வழக்கமாக வாங்குகிற கடையில் இந்த முறை வாங்கிய பன்றிக்கறியில் கொழுப்பு ஃப்ரிட்ஜில் வைத்தும் கெட்டியாகவில்லை, எண்ணெய் மாதிரி வழவழவென்று இருக்கிறது. கெட்டுப்போன கறியா?

பதில்: வாடை இல்லையென்றால் கெட்டது இல்லை. பன்றி எந்த எண்ணெயைத் தின்கிறதோ அதுவே அதன் கொழுப்பில் படியும். தவிடு அதிகம் போட்டு வளர்த்திருந்தால் இப்படித்தான் இளகி இருக்கும், சாப்பிடுவதால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் இந்தக் கொழுப்பு சீக்கிரம் சிக்கு வாடை பிடிக்கும், அதனால் மாதக்கணக்கில் ஃப்ரீசரில் போட்டு வைக்காமல் சமைத்துவிடுங்கள். உள்ளே சிவப்பு தெரியாமல் நன்றாக வேகட்டும், நாடாப்புழுவுக்கு அதுதான் வழி. வறுவலுக்குக் கெட்டிக் கொழுப்புதான் வேண்டும் என்றால், கடைசி ஒரு மாதமாவது தவிட்டைக் குறைத்துச் சோளமோ கிழங்கோ போட்ட பன்றியாகப் பார்த்து எடுக்கச் சொல்லிக் கடைக்காரரிடம் கேளுங்கள், வழக்கமான கடை என்கிறீர்களே.