வட சென்னை மொட்டை மாடியில், பூச்சிமருந்து இல்லாமல், தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் வரும்படி எந்தப் பூச்செடிகளை வளர்க்கலாம்?

தண்டையார்பேட்டையில் மொட்டை மாடி இருக்கிறது, பூச்சிமருந்து அடிக்க விருப்பமில்லை, ஆண்டில் பெரும்பாலான நாட்கள் பூக்கும் செடிகள் வேண்டும், தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் வர வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருப்பதால் தேனீ கொட்டிவிடுமோ என்ற கவலையையும் எழுதியிருக்கிறீர்கள். நானும் அந்தப் பக்கத்துக்காரன்தான். காசிமேட்டிலிருந்து வரும் உப்புக்காற்று நேராக விழும் மாடியில் பல வருடங்களாகப் பூச்செடி வளர்க்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பெயர்கள். துளசி, இட்லிப் பூ என்று நாம் சொல்லும் வெட்சி, நித்தியகல்யாணி, வாடாமல்லி, ஒற்றை அடுக்கு ஜினியா, பத்து மணிப் பூ. இந்த ஆறும் நம் வெயிலைத் தாங்கும், மாதக்கணக்கில் பூக்கும், விலையும் குறைவு. ஆனால் பெயர் தெரிந்துகொள்வது பாதி வேலைதான். செடியில் முதல் பூச்சியைப் பார்க்கும் அன்று நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் மீதிப் பாதி இருக்கிறது. அன்று எதையும் அடிக்காதீர்கள். வேப்பெண்ணெயைக்கூட எடுக்காதீர்கள். இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள். ஏன் என்று பின்னால் வருகிறேன்.

துளசியில் தொடங்குங்கள். கதிர் விட்டால் இலை குறைந்துவிடும் என்று பெரும்பாலான வீடுகளில் கதிரைக் கிள்ளிவிடுவார்கள். இரண்டு தொட்டி வைத்து, ஒன்றைக் கிள்ளுங்கள், இன்னொன்றைப் பூக்க விடுங்கள். காலை வெயில் ஏறும் நேரத்தில் அந்தக் கதிர் அருகே குனிந்து பாருங்கள். அரிசி அளவுகூட இல்லாத ஊதா நிறப் பூவில், கொசுவைப் போலத் தெரியும் கறுப்புப் பூச்சி ஒன்று பின்னங்காலில் மகரந்த உருண்டையோடு உட்கார்ந்திருக்கும். அது கொசுத்தேனீ. அதற்குக் கொட்டும் கொடுக்கு கிடையாது. சுவர் விரிசலிலும் பழைய மின்பெட்டியிலும் கூடு கட்டிக்கொண்டு நம் நெரிசலான தெருக்களிலேயே வாழ்கிறது. துளசிக்கு அடுத்து நீலவரித் தேனீ வரும். வயிற்றில் நீலமும் கறுப்புமாகப் பட்டை போட்டிருக்கும், ஒரு பூவில் நிற்காமல் பறந்துகொண்டே இருக்கும். மாடியில் கத்தரி, தக்காளி வைத்திருந்தால் இந்தத் தேனீயை நீங்கள் கொண்டாட வேண்டும். அந்தப் பூக்களைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும் வித்தை இதற்கும் தச்சுத்தேனீக்கும் தெரியும், பெட்டியில் வளர்க்கும் தேனீக்குத் தெரியாது. இரவில் இதன் ஆண்கள் காய்ந்த குச்சி ஒன்றைத் தாடையால் கவ்விக்கொண்டு வரிசையாகத் தூங்கும். அதனால் காய்ந்த தண்டுகளை எல்லாம் வெட்டிச் சுத்தம் செய்துவிடாதீர்கள், நாலைந்தை விட்டுவையுங்கள்.

நித்தியகல்யாணியைச் சுடுகாட்டு மல்லி என்று சொல்லி வீட்டில் வைக்கத் தயங்குவார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களும் சொல்லக்கூடும். ஆனால் கடற்கரை மணலிலேயே வளரும் செடி அது, உப்புக்காற்றுக்கு அஞ்சாது. ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிறிஸ்டின் என்ற மருந்தும் இதிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. பூவின் குழாய் குறுகலானது, தேன் அடியில் இருக்கும். அதனால் நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள வண்ணத்துப்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும்தான் முக்கியமாக வரும். வெட்சிக்கும் இதே கதைதான். நித்தியகல்யாணிச் செடி நச்சுத்தன்மை உள்ளது, குழந்தை இலையைக் கடிக்காத உயரத்தில் வையுங்கள்.

பூவைத் தேர்ந்தெடுப்பதில் ஒரே விதி: ஒற்றை அடுக்கு. நர்சரியில் கண்ணைப் பறிக்கும் அடுக்கு ஜினியா, பந்துபோன்ற துலுக்கச் சாமந்தி, அடுக்குச் செம்பருத்தி எல்லாம் தேனீக்குப் பெரும்பாலும் பயனற்றவை. அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத் தாள்கள்தான் இதழாக மாறியிருக்கின்றன. சாமந்தி, ஜினியாவில் நடுவட்டத்தில் இருக்க வேண்டிய குட்டிப் பூக்களின் இடத்தை இதழ்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. தேனீ வந்து சுற்றிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போகும். நடுவில் மஞ்சள் வட்டம் திறந்து தெரியும் பூவாகக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தொட்டி என்று சிதறவிடாமல், ஒரே வகையில் ஐந்தாறு தொட்டிகளைச் சேர்த்து வைத்தால் பறந்துபோகும் பூச்சிக்குத் தூரத்திலேயே தெரியும்.

முடிந்தவரை விதையிலிருந்தோ தெரிந்தவர் வீட்டுத் தண்டிலிருந்தோ வளர்க்கச் சொல்வேன். நர்சரிச் செடிகளில் இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சிமருந்து ஊற்றப்பட்டிருக்கலாம். அது வேர் வழியே ஏறி இலை, மகரந்தம், தேன் என்று எல்லா இடத்துக்கும் போய்விடும். தேனீக்களுக்கு ஏற்படும் கேட்டைக் கருதி, இதையும் இதன் வகையைச் சேர்ந்த வேறு இரண்டையும் திறந்தவெளியில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடை விதித்தது. வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், முதலில் பூக்கும் பூக்களைக் கிள்ளிவிட்டு, புதுக் கிளை விட்டுப் பூக்கும் வரை காத்திருங்கள்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இயற்கை முறை என்ற பெயரில் புகையிலைக் கரைசல் அடிக்கச் சொல்லும் வீடியோக்கள் ஏராளம். புகையிலையில் இருப்பது நிகோடின். பூச்சியின் நரம்பில் நிகோடின் எந்த இடத்தைத் தாக்குகிறதோ அதே இடத்தைத்தான் இமிடாகுளோபிரிடும் தாக்குகிறது. செடியிலிருந்து வந்தது என்பதால் தேனீக்கு அது நல்லதாகிவிடாது. சோப்புக் கரைசலும் அப்படித்தான், மேலே பட்டால் செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினியும் சாகும், அதைத் தின்னும் பொறிவண்டின் புழுவும் சாகும்.

இப்போது அந்த இரண்டு வாரத்துக்கு வருகிறேன். அசுவினி முதலில் வரும். கொழுந்தில் பச்சையாகவோ கறுப்பாகவோ அப்பிக்கொண்டு உட்காரும். பார்க்கவே மனம் பதறும். அதைத் தின்னும் பொறிவண்டு, தின்ன ஏதாவது சேர்ந்த பிறகுதான் வரும். வந்து முட்டையிட்டு, முதலைக்குட்டி போன்ற புழு வெளியே வந்து மேயத் தொடங்க நாளாகும். நடுவில் நீங்கள் மருந்தடித்தால் இரண்டும் சாகும். வேகமாகத் திரும்பிவருவது அசுவினிதான், ஏனென்றால் அது முட்டைக்குக்கூடக் காத்திராமல் நேராகக் குட்டி போடும். மறுபடி அடிப்பீர்கள். மாடியில் மருந்து ஒரு பழக்கமாவது இப்படித்தான். பொறுக்க முடியாவிட்டால் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள். கீழே விழுந்த அசுவினியில் பெரும்பாலானவை திரும்பி ஏறாது.

மாவுப்பூச்சி கொஞ்சம் பிடிவாதமானது. எறும்பு அதன் இனிப்புக் கழிவுக்காக அதைக் காவல் காக்கும், எதிரிகளை விரட்டும். அதனால் முதலில் எறும்பைத் தடுக்க வேண்டும்: தொட்டியைச் செங்கல் மேல் ஏற்றி, பக்கத்துச் செடியின் கிளை உரசாமல் வையுங்கள். அப்பியிருக்கும் கிளையை வெட்டி மூடிய பையில் போட்டுவிடுங்கள், மிச்சத்தைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தெடுங்கள். தேய்ப்பதற்கு முன் உற்றுப் பாருங்கள். மாவுப்பூச்சியைப் போலவே வெள்ளை நூலாகப் போர்த்திக்கொண்டு, ஆனால் அதைவிடப் பெரிதாக, சுறுசுறுப்பாக நடக்கும் ஒன்று தென்பட்டால் தொடாதீர்கள். அது மாவுப்பூச்சியைத் தின்னும் ஆஸ்திரேலியப் பொறிவண்டின் புழு. நல்லவன் யார் என்று தெரியாமல் நசுக்கிவிடுகிறவர்கள் அதிகம்.

மருந்தைவிட எதிரிப் பூச்சி வலியது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாக 2008இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று பரவி விவசாயிகளை அழவைத்தது. மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் எவ்வளவு மருந்தடித்தும் பயனில்லை. 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து கண்ணுக்கே சரியாகத் தெரியாத மூன்று வகைக் குளவிகளைக் கொண்டுவந்து பெருக்கி வயல்களில் விட்டார்கள். அவற்றில் அசெரோபேகஸ் பப்பாயே என்ற குளவி நன்றாகக் காலூன்றி, மாவுப்பூச்சியைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. அப்படிப்பட்ட குட்டிக் குளவிகளுக்கும் வளர்ந்த பருவத்தில் உணவு தேன்தான். கொத்தமல்லியையும் சோம்பையும் ஒரு தொட்டியில் பூக்க விட்டால் அவை தேடி வரும்.

இலையில் ஓட்டை விழுவதை நீங்கள் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். எதிர்வீட்டு அக்கா ஒருமுறை ரோஜாச் செடியைக் காட்டி, “யாரோ கத்தரியால் நறுக்கியதுபோல் இருக்கிறதே, இதற்கு என்ன மருந்து தம்பி?” என்று கேட்டார். இலை ஓரத்தில் சீரான அரைவட்டங்கள். இலைவெட்டித் தேனீயின் வேலை. வெட்டிய துண்டுகளைச் சுருட்டி, குஞ்சு வளர அறை கட்டுவதற்காக எடுத்துப்போகிறது. செடிக்கு ஒரு கேடும் இல்லை என்று சொன்னதும் அவரே நின்று பார்க்க ஆரம்பித்துவிட்டார். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் பறவை எச்சம்போல் ஒட்டிக்கொண்டிருக்கும் புழுவும் இப்படித்தான். வளர்ந்ததும் பச்சையாகி, தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பை நீட்டி நாற்றம் விடும். எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் குழந்தை அது. பூ வைத்து வண்ணத்துப்பூச்சியை அழைத்துவிட்டு அதன் பிள்ளைக்கு இலை மறுப்பது நியாயமில்லை. சமையலுக்கு ஒரு கறிவேப்பிலை, அவற்றுக்கு ஒன்று என்று வைத்துவிடுங்கள். இடமிருந்தால் எருக்கும் ஒன்று வையுங்கள், வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி அதில் முட்டையிடும். தானாக முளைக்கும் தும்பையைப் பிடுங்காதீர்கள்.

ரோஜா வேண்டாம் என்பது என் கருத்து. நம் வெக்கையில் இலைப்பேனும் சிலந்திப்பூச்சியும் அதை விடாது, நீங்களும் மருந்தை விட முடியாது.

நம் பகுதிக்கென்று சில சங்கடங்கள் உண்டு. கடலோரத் தெருக்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் உப்பு. இலை நுனி கருகினால் நோய் என்று நினைக்காதீர்கள், உப்புதான். ஆர்ஓ எந்திரத்தின் கழிவு நீரில் உப்பு இன்னும் அதிகம், அதை ஊற்ற வேண்டாம். ஏசியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு இல்லை, அதைப் பிடித்து வைத்து ஊற்றலாம். எண்ணூர் பக்கம் போகும் கன்டெய்னர் லாரிகளின் புழுதி இலையில் படிந்தால் சிலந்திப்பூச்சிக்குக் கொண்டாட்டம். வாரம் ஒருமுறை அதிகாலையில் இலையின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவிவிட்டாலே அது அடங்கிவிடும். கொசுப்புகை அடிக்க வரும் மாலையில் பூத்த தொட்டிகள் மேல் பழைய வேட்டியைப் போர்த்திவிட்டு, புகை கலைந்ததும் எடுத்துவிடுங்கள்.

நல்லதும் உண்டு. மீன் வரும் தெர்மோகோல் பெட்டி காசிமேட்டில் மலிவாகக் கிடைக்கும். நன்றாகக் கழுவி, அடியில் துளை போட்டால் ஜினியாவுக்கும் பத்து மணிப் பூவுக்கும் அருமையான தொட்டி, வெயிலில் வேரும் சூடாகாது. மீன் கழிவையும் அதே எடை வெல்லத்தையும் கலந்து மூடி வைத்தால் மூன்று வாரத்துக்கு மேல் மீன் அமிலம் தயார். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி போதும், மாதம் இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். உரம் மிஞ்சினால் கொழுந்து கொழுக்கும், பூ குறையும், அசுவினி பெருகும்.

ஜினியாவைத் தை மாதத்தில் விதைத்தால் பங்குனி வெயிலுக்குப் பூத்துவிடும். வாடிய பூவைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் நீண்ட நாள் ஓடும். ஆடியில் மறுபடி விதைக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதன் இலை புள்ளி விழுந்து போகும், கவலைப்படாதீர்கள். அந்த மாதங்களை வெட்சியும் டிசம்பர் பூவும் பார்த்துக்கொள்ளும்.

தாகத்துக்கு ஒரு தட்டில் கூழாங்கல் போட்டு, கல் நனையும் அளவுக்குத் தண்ணீர் வையுங்கள். தினமும் கொட்டிவிட்டு மாற்றுங்கள். டெங்குக் கொசு முட்டையிட அந்தத் தட்டே போதும்.

கடைசியாகக் குழந்தை. பூவில் தேன் எடுக்கும் தேனீ தானாக வந்து கொட்டாது. பிடித்தால், மிதித்தால், துணிக்குள் மாட்டிக்கொண்டால் கொட்டும். அதனால் பூந்தொட்டிகளைத் துணி உலர்த்தும் கொடியிலிருந்து தள்ளி வையுங்கள், மாடியில் குழந்தைக்குச் செருப்புப் போட்டு விடுங்கள், கையை நீட்டாமல் கண்ணால் பார்க்கப் பழக்குங்கள். பெரிய கறுப்புத் தச்சுத்தேனீ ரீங்காரமிட்டுக்கொண்டு முகத்துக்கு நேரே வந்து நின்றால் அலறத் தேவையில்லை. அப்படி வம்புக்கு வருவது பெரும்பாலும் ஆண், அதற்குக் கொடுக்கே கிடையாது. கட்டடத்தின் உயரத்தில் மலைத்தேனீ பெரிய அடை கட்டினால் மட்டும் நீங்களாகப் புகை போடாதீர்கள், தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். குழந்தையைத் தேனீ கொட்டிய பிறகு மூச்சு வாங்கினாலோ முகமோ உதடோ வீங்கினாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள்.